கசார்வாடியில் பிடிக்காத தீ

கையில் பித்தளை மணியோடு வராந்தாவில் ஓடிக்கொண்டிருக்கிறேன். புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகியிருக்கிறேன். வாயில் ஒரே கூச்சல்.

"பூக் லாக்லி! பூக் லாக்லி!"

அறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. நரைத்த தலைகள் எட்டிப் பார்க்கின்றன. ஒரு முகத்திலாவது பதற்றம் இருக்க வேண்டுமே! இல்லை. இருந்ததெல்லாம் இரக்கம்தான்.

கீழ்த்தளத்து ஜோஷி ஆஜோபா, அதாவது ஜோஷி தாத்தா, தன் ஸ்வெட்டர் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் கையில் திணித்தார். "காலையில ஒண்ணும் சாப்பிடலையா தாயீ? முதல்ல இதைச் சாப்பிடு. வேலை எங்கே ஓடிப்போகுது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மராத்தியில் "ஆக் லாக்லி" என்றால் தீப்பிடித்துவிட்டது. "பூக் லாக்லி" என்றால் பசிக்கிறது. முதியோர் இல்லத்தின் முதல் தீ ஒத்திகையில், நான் கட்டடம் முழுக்க ஓடி ஓடி எனக்குப் பசிக்கிறது என்று கத்தியிருக்கிறேன்.

போதாக்குறைக்கு அந்த மணி, சாப்பாட்டு மணி. அதை அடித்தால் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே வேலைதான் தெரியும். தீப்பிடித்த கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டியவர்கள் வரிசையாகச் சாப்பாட்டு அறைக்குப் போய், உட்கார்ந்து, கவிழ்த்து வைத்திருந்த தட்டுகளை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

### பொள்ளாச்சித் தாயி

போன வாரம் இதே பகுதியில் நான் எழுதிய, தண்ணீர்த் தொட்டிக்குள் புறா விழுந்த கதையைப் படித்த சிலர், "நீங்கள் எப்படி அந்த வேலைக்குப் போனீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். நானாகப் போகவில்லை. தூசிதான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

என் கணவருக்கு ஆகுர்டியில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் ஃபோர்மேன் வேலை. பொள்ளாச்சியிலிருந்து வந்த புதிதில் எனக்கு மொழியும் தெரியாது, பொழுதும் போகாது. வீட்டைத் துடைத்துக்கொண்டே இருப்பேன். பக்கத்து வீட்டுக்கு வந்த ஒரு டாக்டரம்மா எங்கள் ஜன்னல் கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. "என் இல்லத்துக்கு வருகிறாயா?" என்றார். நான் சுற்றிப் பார்க்க அழைக்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். மறுநாள் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டார்.

எல்லோரும் அவரை டாக்டர் பாயி என்பார்கள். மராத்தியில் டாக்டரம்மா, டீச்சரம்மா எல்லோருமே மரியாதைக்குப் பாயிதான். கசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில், இரண்டு அடுக்கு பங்களா ஒன்றை முதியோருக்கான நர்சிங் இல்லமாக மாற்றியிருந்தார். சுற்றிலும் லேத் பட்டறைகள். காலையில் துடைத்த ஜன்னல் மதியத்துக்குள் இரும்புத் தூளால் கறுத்துவிடும். மருந்து, ஊசி, ரத்த அழுத்தமெல்லாம் நர்ஸுகள் பொறுப்பு. குழாய், விளக்கு, தரை, கூரை, கழிவறை, கரப்பான்பூச்சி எல்லாம் என் பொறுப்பு. என் பதவிக்குப் பெயர் பில்டிங் இன்சார்ஜ்.

மராத்தியில் அக்காவைத் தாயீ என்பார்கள். இல்லத்தில் எல்லோரும் என்னை "வசந்தா தாயீ" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என் கணவருக்கு அது பெரிய வேடிக்கை.

"ஏங் கண்ணு, போன மாசம் வரைக்கும் ரெண்டு பிள்ளைகளுக்குத்தான் தாயி. இப்ப கசார்வாடிக்கே தாயி ஆயிட்டியாக்கும்?"

### பளபளப்பு கூடாது

ஆரம்பத்தில் நான் செய்த முதல் காரியம், மொசைக் தரையை மெழுகு போட்டுத் தேய்த்தது. முகம் பார்க்கலாம் போல ஆக்கிவிட்டேன். நர்ஸுகள் குனிந்து பொட்டைச் சரிசெய்துகொண்டார்கள்.

டாக்டர் பாயி வழக்கம்போல விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார். வாசலில் நுழைந்தவர் நிற்கவே இல்லை. அப்படியே வழுக்கிக்கொண்டு போய், வராந்தாவின் கடைசியிலிருந்த மருந்து அலமாரியைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றார். மூக்குக் கண்ணாடி ஒரு காதில் தொங்கியது.

"வசந்தா தாயீ, இங்கே இருப்பவர்களுக்கு எலும்பெல்லாம் அப்பளம். தரை சுத்தமாக இருக்கட்டும். ஆனால் அழகாக இருக்கக் கூடாது."

அன்றிலிருந்து நான் அழகைக் கைவிட்டேன். கழிவறைச் சுவர்களில் பிடித்துக்கொள்ளக் கம்பிகள் பதித்தோம். ஒரே வாரத்தில் அவற்றில் துண்டுகள், ஸ்வெட்டர்கள், ஒருவருடைய டிரான்சிஸ்டர் ரேடியோ எல்லாம் தொங்கின. கம்பியைப் பிடிக்கப் போனவர் ரேடியோவைப் பிடித்து, உள்ளிருந்து திடீரென்று கிரிக்கெட் வர்ணனை அலறி, அதில் பயந்துபோய் உட்கார்ந்தவரை வெளியே கொண்டுவருவதற்குள் எங்களுக்குப் பிராணன் போய்விட்டது.

அந்த ரேடியோவின் சொந்தக்காரர் சங்கரலிங்கம் சார். லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் வாரண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிக்காரர். எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்தும் அவருடைய தமிழ் தாமிரபரணியிலேயே நின்றுவிட்டது. மனைவி இல்லை. மகன் வெளிநாட்டில். முழங்கால் இரண்டும் மக்கர் செய்ய, மாடி அறையில் வந்து தங்கியிருந்தார். தமிழில் பேச நான் ஒருத்திதான் என்பதால், ரேடியோவுக்கு நான் போட்ட சத்தத்தைக்கூடச் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார்.

### படிக்கட்டைக் காணோம்

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தீயணைப்பு அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். மெதுவான குரல். எதையும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பின்பக்கப் படிக்கட்டு எங்கே?" என்று கேட்டார்.

காட்டினோம். அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும்தான். அந்த இடத்தில் உடைந்த கட்டில்கள், துருப்பிடித்த ஏர் கூலர்கள், பழைய மெத்தைகள், பிள்ளையார் சதுர்த்திக்குச் செய்த தெர்மோகோல் கோபுரம், யாருடையது என்றே தெரியாத ஒரு சைக்கிள், எல்லாம் கூரை வரை அடைந்திருந்தன.

அதிகாரி சைக்கிள் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார். "தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்கள் இந்த வழியாக எப்படி வருவார்கள்?"

டாக்டர் பாயி சைக்கிளை நகர்த்தப் பார்த்தார். அது அசையவில்லை.

"படிக்கட்டைக் காலி செய்யுங்கள். எல்லோருக்கும் பழக்கிக் கொடுங்கள். நான் திரும்பி வருவேன். முற்றத்தில் உட்கார்ந்து ஒரு கப் டீ குடித்து முடிப்பதற்குள் மாடியில் இருக்கும் அத்தனை பேரும் வெளியே வந்துவிட வேண்டும். இல்லையென்றால் மாடியை மூடச் சொல்லித்தான் எழுத வேண்டியிருக்கும்."

கீழ்த்தளத்தில் ஒரு கட்டில்கூடக் காலி இல்லை. மாடியை மூடினால் மாடிக்காரர்கள் உறவினர் வீடுகளுக்குத் திரும்ப வேண்டும். உறவினர் வீடு சரிப்படாமல்தான் அவர்கள் இங்கே வந்ததே. அன்று மாலை மாடியில் யாரும் டிவி போடவில்லை. சங்கரலிங்கம் சார் தன் டிரங்குப் பெட்டியை மேலேயும் கீழேயும் துடைத்துக்கொண்டிருந்தார்.

### மாட்டேன் என்ற குசும் ஆஜி

படிக்கட்டை ஒரு வழியாகக் காலி செய்தோம். தெர்மோகோல் கோபுரத்தை எறியக் கூடாது என்று மறியல் செய்த, எல்லோரும் மவுஷி (சித்தி) என்று கூப்பிடும் மாடிக்கார லீலா மவுஷியை மட்டும் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் நான் முதலில் சொன்ன அந்தப் "பசி" ஒத்திகை.

"தங்கச்சி, இது என்ன தீ ஒத்திகையா, கல்யாணப் பந்தியா?" என்று சங்கரலிங்கம் சார் சாப்பாட்டு மேஜையிலிருந்தே கேட்டார். "மணியை மாத்தணும்னு சொல்லுதேன். சைரன் வேணும்."

என் கணவர் தொழிற்சாலையில் கழித்துப் போட்டிருந்த, கையால் சுற்றும் சங்கு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். "இத ஊதுனா எங்க ஆளுக அத்தன பேரும் நிமிசத்துல வெளிய வந்துருவாங்க கண்ணு" என்றார். உண்மைதான். மறுநாள் நான் அதைச் சுற்றியதும் சந்தில் இருந்த எல்லா லேத் பட்டறை ஆட்களும் மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, டீக்கடைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் இல்லத்தில் மட்டும் ஒருவரும் அசையவில்லை. அரை மணி நேரம் பட்டறை முதலாளிகள் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் சங்கரலிங்கம் சார் தன் பழைய விசிலை எடுத்தார். அதற்கு எந்த அர்த்தமும் ஏற்கெனவே இல்லாததால் வேலை செய்தது. விசில் ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி, பின் படிக்கட்டில் இறங்க வேண்டும். இரண்டு மூன்று தரம் பழகியதும் மாடிக்காரர்கள் ஜோராக இறங்கினார்கள்.

ஒருவரைத் தவிர.

குசும் ஆஜி, அதாவது குசும் பாட்டி, பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். தன் வீட்டு மாடிப்படியில் உருண்டு விழுந்து இடுப்பெலும்பு முறிந்து இங்கே வந்தவர். எலும்பு என்னவோ கூடிவிட்டது. ஆனால் வந்த நாளிலிருந்து மாடியை விட்டு அவர் இறங்கியதே இல்லை. படிக்கட்டுப் பக்கம் சக்கர நாற்காலியைத் திருப்பினாலே இரண்டு கையும் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிக்கொள்ளும். வாய் மட்டும் ஒருபோதும் பயம் என்று சொல்லாது.

"தீப்பிடித்தால் பிடிக்கட்டும். ஒன்பதாம் வகுப்பு 'ஈ' பிரிவுக்கு அல்ஜீப்ரா எடுத்தவள் நான். எனக்கு நெருப்பைக் காட்டிப் பயமுறுத்துகிறாயா?" என்பார்.

எங்கள் இல்லத்தில் பாண்டு மாமா என்று ஒருவர் இருந்தார். குழாய் ரிப்பேர், மின்விசிறி ரிப்பேர், எல்லாம் அவர்தான். வருடா வருடம் பஜனை பாடிக்கொண்டு சாமி பல்லக்கோடு பண்டரிபுரத்துக்கு நடந்து போகிறவர். அவர் ஒரு பிரம்பு நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, நான்கு பேர் தூக்கும்படி செய்து கொண்டுவந்தார். குசும் ஆஜி அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூங்கிலா? நான் என்ன செத்தா போய்விட்டேன்?"

"ஆஜி, இது பால்கி. பல்லக்கு!" என்று பாண்டு மாமா கும்பிட்டார்.

"பல்லக்கில் சாமியைத்தான் வைப்பார்கள். நான் ஓய்வு பெற்ற டீச்சர்."

பேசிப் பயனில்லை என்று சங்கரலிங்கம் சார் தானே நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "ஏய், தூக்குங்கப்பா!" என்று உத்தரவு போட்டார். தூக்கினார்கள். இறக்கினார்கள். மறுபடி ஏற்றினார்கள். சார் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, ஆஜியின் அறை வாசலைக் கடக்கும்போதெல்லாம் ராஜா மாதிரி கையசைத்தார். மூன்றாவது தரம் ஆஜியால் பொறுக்க முடியவில்லை.

"அந்த மதராஸியை இறங்கச் சொல். நாற்காலி எனக்காகச் செய்ததுதானே?" என்றார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "ஒத்திகையெல்லாம் வேண்டாம். அந்த அதிகாரி வருகிற அன்றைக்கு, ஒரே ஒரு தடவை. என் தலையணையை வைத்துக் கொடு. தாயீ, நீ முன்னால் நட" என்றார்.

### ஒரு கப் டீ

அதிகாரி குளிர்காலத்துக் காலை ஒன்றில் வந்தார். முற்றத்து வாதாம் மரத்தடியில் நாற்காலி போட்டோம். டாக்டர் பாயி சமையற்காரரிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார்: டீ கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும், நாக்கை வைக்க முடியக் கூடாது, பெரிய டம்ளரில் விளிம்பு வரை இருக்க வேண்டும்.

டீ வந்தது. ஆவி அதிகாரியின் முகத்தை மறைத்தது. டாக்டர் பாயி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

அதிகாரி நிதானமாக, "ஒரு பஷி கிடைக்குமா?" என்றார். பஷி என்றால் சாசர். வந்தது. டீயை அதில் ஊற்றி, ஒரு ஊது ஊதி, சர்ரென்று உறிஞ்சினார். ஒரே மடக்கில் கால் டம்ளர் காலி. டாக்டர் பாயியின் முகம் தொங்கிப்போனது. மாடியில் விசில் ஒலித்தது. நான் படிக்கட்டைப் பார்த்து ஓடினேன்.

மாடிக்காரர்கள் அழகாக இறங்கினார்கள். லீலா மவுஷி துளசித் தொட்டியை விடமாட்டேன் என்று இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். சங்கரலிங்கம் சார் படிக்குப் படி விசில் ஊதினார். கடைசியாக நாற்காலி கிளம்பியது. பாண்டு மாமாவும் சமையற்காரரும் முன்னால், வார்டு ஆட்கள் இருவர் பின்னால். நான் அவர்களைப் பார்த்தபடி, முன்னால் பின்னோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். குசும் ஆஜி கண்களை இறுக மூடியிருந்தார். உதடுகள் ஏதோ வாய்ப்பாட்டை முணுமுணுத்தன.

பாதிப் படியில் ஒரு திருப்பம். அங்கேதான் வந்தது வினை. தோளில் மூங்கில், முன்னால் கூட்டம், மேலே உட்கார்ந்திருப்பவர் கண் மூடியிருக்கிறார். பாண்டு மாமாவுக்குப் பண்டரிபுரம் ஞாபகம் வந்துவிட்டது. தன்னையறியாமல் பஜனையை ஆரம்பித்தார். சமையற்காரர் பின்பாட்டுப் பாடினார். முன்னால் போன மாடிக்காரர்கள் நின்று, திரும்பி, கை தட்டத் தொடங்கினார்கள். லீலா மவுஷி துளசித் தொட்டியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். தீயிலிருந்து தப்பி ஓடிய கூட்டம் முன்னால் ரெண்டு அடி, பின்னால் ஒரு அடி என்று ஆட ஆரம்பித்துவிட்டது.

படிக்கட்டு ஜன்னல் வழியாக முற்றம் தெரிந்தது. அதிகாரி மறுபடி சாசரில் ஊற்றிக்கொண்டிருந்தார். டம்ளரைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தே ஊற்றினார்.

"நடங்க! சலா! ஆக் லாக்லி!" என்று நான் கத்தினேன். இந்தத் தடவை வார்த்தை சரியாகத்தான் வந்தது. பஜனைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. சங்கரலிங்கம் சார் ஊதிய விசிலைத் தாளம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நாற்காலி ஆடியதில் குசும் ஆஜி கண்ணைத் திறந்தார். கீழே செங்குத்தாகப் படிகள். முகம் வெளுத்தது. என்னைப் பார்த்தார். பிறகு ஆடிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் பயம் இருந்த இடத்தில் பழைய வகுப்பறைக் கோபம் ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"சத்தம்!"

ஒரே வார்த்தை. படிக்கட்டு ஊமையாகிவிட்டது.

"மேலே தீ எரிகிறது, நீங்கள் இங்கே கும்மாளம் போடுகிறீர்களா? வரிசை! ஒற்றை வரிசை! லீலா, தொட்டியைக் கீழே வை. பாண்டு, இன்னொரு அடி பாடினால் முட்டி போட வைப்பேன். எல்லோரும் என்னோடு சேர்ந்து, இடது, வலது, இடது, வலது! யாரது அங்கே விசில்? நிறுத்து!"

விமானப்படை வாரண்ட் ஆபீசர் விசிலைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

இறங்கினோம் பாருங்கள்! நாற்காலி பறந்தது. ஆஜி கையை நீட்டித் திசை காட்டிக்கொண்டே வந்தார். பின்வாசலைத் தாண்டி முற்றத்து வெயிலில் நாற்காலியை இறக்கியபோது அதிகாரியின் சாசர் உதட்டருகே இருந்தது. அவர் சாசருக்குள் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டார்.

"இன்னும் ஒரு வாய் மிச்சம் இருக்கிறது" என்றார்.

டாக்டர் பாயி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். மாடிக்காரர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள். மாடி பிழைத்தது. சமையற்காரர் சந்தோஷத்தில் சாப்பாட்டு மணியை அடிக்க, அத்தனை பேரும் படிக்கட்டைவிட வேகமாகச் சாப்பாட்டு அறைக்குப் போனார்கள்.

### புகை

மாடிக்காரர்களில் குசும் ஆஜி மட்டும் முற்றத்திலேயே இருந்தார். முகத்தை வெயிலுக்குக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாதாம் இலை ஒன்று மடியில் விழுந்திருந்தது. அதைத் தட்டிவிடவில்லை.

பாண்டு மாமா ஆட்களோடு வந்து மூங்கிலைப் பிடித்தார்.

"எங்கே?" என்றார் ஆஜி.

"மேலே, ஆஜி."

"மேலே தீ எரிகிறது என்று சொல்லித்தானே இறக்கினீர்கள்?"

"அது ஒத்திகை ஆஜி" என்றேன் நான். "தீயெல்லாம் இல்லை."

"அணைந்துவிட்டது என்று யார் போய்ப் பார்த்தார்கள்? நீ பார்த்தாயா?"

கிளம்பத் தயாராக இருந்த அதிகாரி ஒரு நிமிடம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பின் படிக்கட்டில் ஏறி மாடிக்குப் போனார். மேலே கதவுகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஆஜியின் முன்னால் நின்றார்.

"பாயி, தீ அணைந்துவிட்டது. ஆனால் நிறையப் புகை. சாயங்காலம் வரைக்கும் நீங்கள் மாடிக்குப் போவது அவ்வளவு நல்லதில்லை."

"கேட்டாயா?" என்றார் ஆஜி என்னிடம்.

மத்தியானச் சாப்பாட்டை மரத்தடிக்கே கொண்டுவந்தோம். நான் தட்டை அவர் மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஏதோ இழுபடும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். சங்கரலிங்கம் சார் ஒரு நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தார். ஆஜிக்குக் கொஞ்சம் தள்ளி, அதே வெயிலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"என் ரூம்லயும் ஒரே பொகையாத்தான் கெடக்கு, தங்கச்சி" என்றார்.